பச்சை வரிசையைக் காட்டியவர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே வயிற்றெரிச்சலைத் தவிர வேறு நோய் நொடி யாருக்கும் இல்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். என் பேச்சை அப்படியே எழுதினால் அவள் படித்த படிப்புக்கே அவமானமாம், திருத்தித்தான் எழுதுவாளாம். கோபத்தில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

போன போகத்தில் மழையில்லாமல் பயிர் போனவர்களுக்கு அரசாங்கம் மானியம் கொடுத்ததல்லவா, உன் சித்தப்பாவுக்கு வந்துவிட்டது, நமக்கு வரவில்லை. நடுவில் ஒரு வரப்புதான், இரண்டு பக்கச் சோளமும் ஒன்றுபோலத்தான் காய்ந்தது. ஆனால் பயிர்ச் சேதம் பார்க்க ஆபீசர் வந்த அன்று உன் அப்பா வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு அவரைக் கிணற்றோரமாகவே அழைத்துப்போய், கசிவில் பச்சையாக நின்ற நாலு வரிசையைக் காட்டி, "நம்ம கைப்பக்குவம் சார், இந்த வறட்சியிலயும் எப்படி நிக்குது பாருங்க" என்றாராம். தம்பி வயலைவிடத் தன் வயல் ஒசத்தி என்று காட்ட வேண்டுமே! ஆபீசரும் மனதாரப் பாராட்டி, பாதிப்பில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். உன் சித்தப்பாவோ அவரை நேரே சருகுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். அந்தப் பணத்தில் இப்போது அவர்கள் கிணற்றில் புது மோட்டார். உன் சித்தி அதைப் போட்டுவிட்டு வரப்பில் வந்து நின்று, "அக்கா, சத்தம் தொந்தரவா இருக்கா?" என்கிறாள். தொந்தரவுதான், ஆனால் சத்தமா தொந்தரவு?

இந்தப் போகமும் மழை இல்லை. வெள்ளிக்கிழமை ஆபீசர் மறுபடி வருகிறார் என்றதும், கிணற்றுப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது, பழைய சட்டைதான் போட வேண்டும் என்று உன் அப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். அவரும் தலையாட்டினார். புதன் சாயங்காலம் உன் சித்தி வந்து, "எங்களுக்குப் பாஞ்சது போக மிச்சத் தண்ணி சும்மா ஓடுது, உங்க மடையைத் தொறந்துக்கோங்கக்கா, கதிர் பால் பிடிக்கிற நேரம்" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மானியமும் அவளுக்கு, தர்மம் செய்கிற பெருமையும் அவளுக்கா? அதோடு, இப்போது தண்ணீர் பாய்ந்தால் பயிர் நிமிர்ந்துவிடும், மானியம் இந்த வருஷமும் போச்சு. "எங்களுக்கு வேண்டாம்மா" என்று வந்துவிட்டேன். மறுநாள் காலையில் வயலுக்குப் போனால் இலையெல்லாம் சுருட்டுப்போலச் சுருண்டு கிடந்தது. ஒரு கதிரை உரித்து நகத்தால் கீறினேன். உள்ளே இன்னும் உயிர் இருந்தது. அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை, மண்வெட்டியை எடுத்து நானே மடையை வெட்டி அவர்கள் தண்ணீரைத் திருப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வயல் ஜம்மென்று நின்றது. ஆபீசர் உன் அப்பாவிடம், "உங்க கைப்பக்குவம்தான் சார்!" என்றார். பழைய சட்டையில் நின்ற உன் அப்பா, "இல்ல சார், தம்பி வீட்டுத் தண்ணி" என்றார். வரப்புக்கு அந்தப் பக்கம் உன் சித்தி சிரித்தாள் பார், அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

பயிர் பிழைத்தது, நீ கவலைப்படாதே. எல்லா நலமும் பெற்று நன்றாக இரு. ஒன்று மட்டும் மறக்காதே, உன் சித்திக்குப் போன் செய்து தண்ணீருக்கு நன்றி சொல்லிவிடு. என் வாயில் அது வரமாட்டேன் என்கிறது.

ஆசிகளுடன்,
உன் அம்மா
(எழுதியது தங்கை. கோபத்தில் கை வைக்கவில்லை.)