உப்புப் பார்க்க ஆளில்லாத கோக்கோ

28.11.1995, செவ்வாய்

இன்றும் கொச்சிக்கடை. ஜெசிந்தா உள்ளே போய் அந்தோனியாருக்கு முன்னால் முழந்தாளில் நின்றாள். நான் வெளியே மெழுகுதிரி விற்கிறவர்களோடு நின்றேன். துறைமுகத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க இந்தக் கோயிலைத் தாண்டித்தான் போனேன், ஒருநாளும் நுழைந்ததில்லை. பென்சன் எடுத்த பிறகு நுழைந்தால் அந்தோனியாருக்கே சந்தேகம் வரும்.

பஸ்ஸில் தமிழ் கதைக்கப் பயம். அதனால் வாயை அடக்கி வைத்திருந்து, எங்கள் ஒழுங்கைக்குள் இறங்கியதும் மொத்தமாகத் தந்தாள். "பெத்த பிள்ளை உள்ளுக்கு இருக்கு. அப்பன் எண்டவர் வாசல்ல நிண்டு காத்து வாங்குறார்." கலியாணம் கட்டிய நாள் முதல் கேட்கிற திட்டு. கேட்காத நாள் எனக்குப் பசிக்காது.

கொலன்னாவை எண்ணெய்த் தாங்கிகள் எரிந்த பிறகு வந்த சுற்றிவளைப்பில் மகன் ஹியூபேட்டைக் கொண்டுபோனார்கள். கொட்டாஞ்சேனையில் வளர்ந்த பிள்ளை. ஆனால் அடையாள அட்டையில் பிறந்த இடம் மன்னார். வடக்கில் பிறந்தவன் என்றால் புலி என்றுதான் அவர்களுக்குச் சந்தேகம். தலைப்பிள்ளையைத் தாய் வீட்டில்தான் பெற வேண்டும் என்று அவளை அனுப்பி வைத்தோம். அந்த வழக்கம் இப்போது பிள்ளையைப் பிடித்துக் கொடுத்திருக்கிறது. "நான் இஞ்சையே பெத்திருக்கோணும்" என்று இப்போதும் சொல்லிக்கொண்டு படுத்திருக்கிறாள்.

அவள் வைத்திருக்கும் நேர்த்தி: மகன் வீடு வரும்வரை மச்சம் இல்லை. மீன், இறைச்சி, முட்டை, கருவாடு எதுவும் இல்லை. அது போகட்டும். சோறும் இறங்குவதில்லையே. காலையும் மாலையும் ஒரு கப் கோக்கோ, அவ்வளவுதான். ஹியூபேட் வேலை செய்த புறக்கோட்டைக் கடையில் முதலாளி கொடுத்த பெரிய டின் அது. ஒரு பக்கம் நெளிந்திருந்ததால் விற்க முடியவில்லையாம். பிடிபடுவதற்கு முதல் நாள் கொண்டுவந்து தாயின் கையில் கொடுத்தான்.

6.12.1995, புதன்

பாண் கடை வாசலில் மயங்கி விழுந்துவிட்டாள். தூக்கி வந்தது ஸாலிஹ், எங்கள் ஒழுங்கை முனையில் இறைச்சிக் கடை வைத்திருப்பவர்.

டொக்டர் சொன்னது: சீனி கூடிவிட்டது, இரத்தம் குறைந்துவிட்டது. வெறும் வயிற்றில் சீனி போட்ட கோக்கோவாகக் குடித்தால் வேறு என்ன நடக்கும்? சீனியை நிறுத்துங்கள், எலும்பு சூப் கொடுங்கள், இப்படியே போனால் மாரி முடியும் வரை தாங்க மாட்டார். இதை என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சூப் என்ற சொல்லை எடுத்தேன். "அந்தோனியாருக்குக் குடுத்த வாக்கை டொக்டருக்காக மாத்தச் சொல்லுறீங்களோ?" பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மகனும் போய் இவளும் போனால் நான் எதற்கு இந்த வீட்டில்?

9.12.1995

சீனி இல்லாத கோக்கோவைக் கசாயம் மாதிரிக் குடிக்கிறாள். முகம் சுளிக்கிறாள், ஆனால் குடிக்கிறாள். மகன் தந்ததாயிற்றே.

எனக்கு ஒரு யோசனை. துறைமுகத்தில் ஒரு கிரேக்கக் கப்பல் சமையற்காரன் கோக்கோவில் உப்புப் போட்டுக் குடிப்பான். ஏனடா என்று கேட்டதற்கு, கசப்பும் உப்பும் ஒன்றாக இருந்தால் நாக்குக்கு ஒன்றும் விளங்காது என்றான். கோக்கோ கறுப்பு, கசப்பு. அதற்குள் எதை ஒளித்தால் யாருக்குத் தெரியும்?

12.12.1995, செவ்வாய்

அவளைக் கோயிலில் விட்டுவிட்டு ஸாலிஹின் வீட்டுக்குப் போனேன். எங்கள் அடுப்பில் எலும்பு கொதித்தால் ஒழுங்கை முழுக்க மணக்கும். அவர் மனைவி றலியாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கையில் இருந்த அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"வாக்குக் குடுத்த பொம்புளைக்கு இப்பிடிச் செய்யிறது பாவமில்லையா அண்ணே?"

"பாவம் என்ட தலையில. நீங்க எலும்பை மட்டும் அவிச்சுத் தாங்க."

அகப்பையைத் திரும்ப எடுத்தாள். "அப்ப இவர்ட்டச் சொல்லிக் கால் எலும்பு எடுக்கணும். மத்ததுல சத்து வராது" என்றாள்.

முதல் தரம் பிழைத்துவிட்டது. வெங்காயம் போட்டோம், மணம் போகவில்லை, மேலே கொழுப்புக் கண்கண்ணாக மிதந்தது. வாசனை பிடித்துவிடுவாள் என்று கொட்டினேன். இரண்டாவது தரம் வெங்காயம் இல்லை. இஞ்சியும் கறுவாவும் மட்டும். ஆறவிட்டுக் கொழுப்பை எடுத்து, துணியில் வடித்து, திரும்பச் சூடாக்கிக் கோக்கோவைக் கரைத்து, ஒரு சிட்டிகை உப்பும் மிளகும். நான் குடித்துப் பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நன்றாக இருந்தது.

இரவு அவளும் குடித்தாள். "என்ன இது, தடிப்பா இருக்கு?"

"சீனி போடாட்டி அப்பிடித்தான்."

வாயில் வந்த முதல் பொய். அவள் நம்பினாள்.

25.12.1995

நத்தார். கேக் இல்லை. கோக்கோ.

3.1.1996

முகத்தில் கொஞ்சம் இரத்தம் தெரிகிறது. கிணற்றடி வரை தானாக நடந்து போனாள். நான் செருப்பைக் கழற்றாமல் குசினிக்குள் வந்ததற்கு முழுசாகத் திட்டினாள், மூச்சு வாங்கவே இல்லை. றலியாவிடம் போய்ச் சொன்னேன். அவளும் சிரித்தாள்.

சட்டத்தரணி மாத முடிவில் விடுதலைக்கு இடம் இருக்கிறது என்கிறார். எதிராக ஒரு சாட்சியும் இல்லையாம். பிறகு ஏன் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். கண்ணாடியைத் துடைத்தார்.

9.1.1996, செவ்வாய்

நேற்றிரவு பாதிக் கப்பை வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். காலையில் நான் எழும்பும் முன்பே கழுவிக் கவிழ்த்திருந்தாள். பிறகு, நான் கூட்டிக்கொண்டு போகும் வரை காத்திராமல் தனியாகவே கொச்சிக்கடைக்குப் போய் வந்துவிட்டாள். நல்ல அறிகுறி என்று நினைத்தேன்.

ஆனால் பின்னேரம் நான் குடையை பஸ்ஸில் விட்டுவிட்டு நனைந்து வந்தேன். அது அவளுடைய அண்ணன் கொடுத்த குடை. என்னைப் பார்த்தாள், உதட்டைக் கடித்தாள், துவாயை எடுத்துத் தந்தாள். ஒரு சொல் இல்லை.

உடம்புக்கு ஏதோ செய்கிறது போல.

20.1.1996

இன்றும் திட்டவில்லை. பாலைப் பொங்கவிட்டேன், கதவைத் திறந்தபடி விட்டுப் போனேன், வேண்டுமென்றே அழுக்குக் காலோடு கட்டிலில் ஏறினேன். தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறாள். கைகால் எல்லாம் தேறி வருகிறது, ஆனால் ஆள் உள்ளே எங்கேயோ அணைந்துகொண்டு போகிறாள். எலும்பைக் கூட்டச் சொல்லி றலியாவிடம் கேட்டிருக்கிறேன்.

31.1.1996, புதன்

கோட்டையில் பெரிய குண்டு. யன்னல் ஆடியது. புகை இங்கிருந்தே தெரிகிறது. செத்தவர்கள் எத்தனை பேரோ. வேலைக்குப் போன பிள்ளைகளைத் தேடி ஒழுங்கையில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆள் நிற்கிறது. தமிழ், சிங்களம், முஸ்லிம் எல்லாரும் ஒரே முகத்தோடு.

2.2.1996

இனி ஒன்றும் நடக்காது என்கிறார் சட்டத்தரணி. வழக்குத் தள்ளிப் போய்விட்டது. திகதி இல்லை.

ஜெசிந்தா அழவில்லை. நான் எதையும் நம்பாதவன். நேர்த்தி, சாபம், கண்ணூறு எல்லாவற்றையும் கேலி செய்தவன். இன்று மத்தியானம் முதல் ஒரே கேள்வி. அவள் மச்சத்தை விட்டதற்குத்தான் பிள்ளை வரவேண்டும் என்றால், மச்சத்தை ஊற்றிக் கொடுத்தவன் யார்? குண்டு வைத்தவனுக்கும் என் கோக்கோவுக்கும் என்ன தொடர்பு? ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏன் அதையே நினைக்கிறன்?

றலியாவிடம் இனி எலும்பு வேண்டாம் என்றேன்.

8.2.1996

திரும்பவும் விழுந்துவிட்டாள். இந்தத் தரம் குசினிக்குள், அடுப்புக்குப் பக்கத்தில். ஒரு கை தள்ளி விழுந்திருந்தால் நெருப்பு. காலில் வீக்கம். டொக்டர் என்னைப் பார்த்து, "சூப் குடுத்தீங்களா இல்லையா?" என்று கேட்டார். மருந்துச் சீட்டை வாங்கி மடித்தேன்.

கொடுத்தால் பிள்ளை போகும். கொடுக்காவிட்டால் இவள் போவாள். எந்தச் சாமி இப்பிடிக் கணக்குப் பார்க்கும்? பார்க்காது எண்டு சொல்ல எனக்கு ஒருத்தருமில்லை.

9.2.1996, வெள்ளி

கொச்சிக்கடைக்குத் தனியாகப் போனேன். வெட்கம் விடவில்லை, உள்ளே போகவில்லை. வாசலில் நின்றே சொன்னேன்: அவளுக்கு நான் கொடுப்பேன், அதை எழுதாதே. அவளுடைய பங்கை நான் பிடிக்கிறேன். இன்று முதல் எனக்கு மச்சமும் இல்லை, சாராயமும் இல்லை, அவன் வரும்வரை. மெழுகுதிரி விற்கிறவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று வாங்கிக்கொண்டேன்.

13.2.1996, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதாமல் இருக்க முடியாது.

றலியாவுக்கு நோன்பு. வெயில் நேரத்தில் எலும்பைக் கொதிக்க வைத்து வடித்துத் தந்தாள். "உப்பு ஒரு திட்டத்துல போட்டீக்கிறேன். நோம்போட நான் பார்க்கேலா அண்ணே, நீங்க பாருங்க" என்றாள். எனக்கோ நேர்த்தி. சொட்டு நாக்கில் பட்டாலும் முறிந்துவிடும் என்று பயம். சரியாக இருக்கும் என்று அப்படியே கோக்கோவைக் கரைத்து, பழக்கத்தில் நானும் ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் கொடுத்தேன். ஜெசிந்தா முதல் வாயில் கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு கடைசிச் சொட்டு வரை குடித்து, கப்பை என் கையில் தந்தாள்.

நோன்பு திறந்து கொஞ்ச நேரத்தில் றலியா முக்காட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். மிச்சத்தை இப்போதுதான் வாயில் வைத்தாளாம். "அது கடல் தண்ணி அண்ணே. ரெண்டு தரம் உப்புப் போட்டீக்கிறேன். அக்காக்குக் குடுத்திட்டீங்களா?"

உள்ளே போய் ஜெசிந்தாவிடம் கேட்டேன், கோக்கோ எப்படி இருந்தது என்று.

"நல்லா இருந்திச்சு."

ஒரு காலத்தில் சம்பலில் உப்பு ஒரு கல் கூடினால் சட்டியோடு என் முன்னால் வைத்து நியாயம் கேட்டவள். நாக்கும் செத்துப்போச்சா இவளுக்கு? கிணற்றடிக்குப் போய் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்து அழுதேன்.

21.2.1996

விபூதிப் புதன். இனி ஊர் முழுக்கத் தபசு. எங்கள் வீட்டில் முன்னமே தொடங்கியது.

16.3.1996

தடுப்பு முகாமுக்குப் போய்ப் பார்த்தோம். கம்பிக்கு அந்தப் பக்கம் ஹியூபேட். சேர்ட் தொங்குகிறது. "அம்மா நல்லா இருக்கிறீங்க" என்றான், ஆச்சரியத்தோடு. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஏன் அப்படிப் பார்த்தாள் என்று தெரியவில்லை.

5.4.1996

பெரிய வெள்ளி. டின் முடிந்துவிட்டது. புதுக் கோக்கோவை வாங்கி, அவள் பார்க்காமல் நெளிந்த டின்னுக்குள் கொட்டினேன். எத்தனை ஏமாற்று.

21.5.1996, செவ்வாய்

வந்துவிட்டான். பிணையில்தான். ஒவ்வொரு ஞாயிறும் கையெழுத்து வைக்க வேண்டும். இதற்கு மேல் எழுத முடியாது.

23.5.1996

அறைக் கதவைச் சாத்த விடுகிறான் இல்லை. வாசற்படியில் கதவு நிலைக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறான். யாராவது பின்னால் நடந்தால் தோள் எழும்புகிறது. தாய் இறைச்சிக் கறியும் சோறும் வைத்தாள். இரண்டு வாய் தின்றான், வாந்தி. என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அவன் சொல்லவும் இல்லை.

இதற்குத்தானா இத்தனை நேர்த்தி? நான் இன்னும் மச்சம் தொடவில்லை. பாதிப் பிள்ளைதான் வந்திருக்கிறது.

24.5.1996, வெள்ளி

காலையில் ஜெசிந்தா பையை எடுத்துக்கொண்டு றலியா வீட்டுப் பக்கம் போனாள். மத்தியானம் எங்கள் குசினியில் இருந்து அந்த மணம். இஞ்சி, கறுவா, கால் எலும்பு. போய்ப் பார்த்தேன். வெங்காயம் இல்லை. வடித்து வைத்திருந்தாள். கொழுப்பை எடுத்துவிட்டு நெளிந்த டின்னைத் திறந்தாள்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏன் நிக்கிறீங்க? உங்கட கண்டுபிடிப்புத்தானே. எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீங்களோ? கோக்கோ எங்கயாவது விடியக் கட்டியா உறையுமா? கப்பைக் கவிழ்த்தா விழ மாட்டன் எண்டுது."

"அப்ப ஏன் குடிச்சனீ?"

"நீங்க களவாக் கொண்டுவந்து தந்திட்டு என்ட வாயையே பார்த்துக்கொண்டு நிண்ட நிலைக்குத்தான்." கரண்டியைக் கழுவினாள். "அண்டைக்கே போய் அந்தோனியாரிட்டச் சொன்னனான். இந்த மனிசன் மச்சத்தைக் கெடுத்துப் போட்டார், அதுக்குப் பதிலா வேற தாறன் எண்டு."

"என்ன குடுத்தனீ?"

"பிள்ளை வரும் வரைக்கும் உங்களைத் திட்ட மாட்டன் எண்டு. மச்சம் விடுறது லேசு. அந்தக் குடை துலைஞ்ச நாள் எனக்கு உயிர் போய் வந்துது."

ஸ்ரூலை இழுத்து உட்கார்ந்தேன். உப்பைப் போட்டாள், ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள், இன்னும் கொஞ்சம் போட்டாள். வாசலுக்குக் கொண்டுபோய் மகனின் பக்கத்தில், அவனுக்குப் பின்னால் போகாமல் முன்னால் வந்து, படியில் குந்தினாள்.

பாதிக் கப் குடித்தான். வயிற்றில் நின்றது. மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கிறான், சூடு பிடிக்கும் போல.

இதை எழுதும்போது அவள் குசினிக்குள் நின்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். நாலரை மாதத்துத் திட்டு. றலியா வீட்டுக்கும் கேட்கும். குடையில் தொடங்கி, பொங்கிய பாலைத் தாண்டி, இப்போதுதான் உப்புக்கு வந்திருக்கிறாள்.