பெட்டி கட்டியவள் சொல்கிறேன்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மருமகளும் அப்படியே இருக்க வேண்டும். அப்பாவின் முழங்கால் வலி கூடவும் இல்லை குறையவும் இல்லை. என் ரத்த அழுத்தம் மட்டும் நீ போன ஞாயிற்றுக்கிழமை போன் பேசியதிலிருந்து மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் வாக்கியத்துக்கு வாக்கியம் சரிம்மா சரிம்மா என்கிறாய், நான் விஷயத்துக்கு வருவதற்குள் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுகிறாய். அதுவும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, காய் நறுக்கிக்கொண்டே பேசுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, படித்துத்தான் ஆக வேண்டும். தனியாக உட்கார்ந்து படி. மருமகளிடம் பிறகு காட்டலாம், காட்டத்தான் வேண்டும், ஆனால் முதலில் நீ படி.

ஞாயிற்றுக்கிழமை நீ அப்பாவிடம் சொன்னது என் காதில் விழாது என்று நினைத்தாயா? அவருக்குக் காது மந்தம் என்று நீ கத்துகிறாய், அது எனக்கு அடுப்பங்கரை வரைக்கும் கேட்கிறது. “அம்மாவுக்கு வயசாயிடுச்சுப்பா, மறந்து போறாங்க, பேக்கிங்கை வெளியில யார்கிட்டயாவது குடுத்துடலாம்” என்றாய். நன்றாக இருக்கிறதடா நியாயம். இந்த வேலையை யார் ஆரம்பித்தது? அப்பா வேலையை விட்டு வந்து, பின்னறையில் பழைய டிரில்லையும் கட்டிங் மெஷினையும் வாங்கிப் போட்டுப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தபோது, நீதான் ஆன்லைனில் விற்கலாம் என்று சொன்னாய். அவர் பழுது பார்ப்பார், நீ அங்கிருந்தே படம் போட்டு விற்பாய், அம்மா பெட்டி கட்டட்டும் என்றாய். அன்றிலிருந்து இந்த வீட்டு ஹாலில் உட்கார இடம் இல்லை. மருந்துக்கடையில் கெஞ்சி அட்டைப்பெட்டி வாங்கி வருகிறேன், மாடி வீட்டு டீச்சரம்மாவிடம் பழைய பேப்பர் கேட்டு வாங்குகிறேன், டேப்பைக் கிழித்துக் கிழித்து என் முன்பல் ஓரம் தேய்ந்துபோய்விட்டது. இப்போது வயசாகிவிட்டதாம்.

பாகம் காணவில்லை, பாகம் காணவில்லை என்று எத்தனை புகார். கட்டிங் மெஷின் வாங்கியவனுக்கு வட்டத்தகட்டை இறுக்கும் நட்டு வரவில்லையாம். வேறொருவனுக்குப் பக்கக் கைப்பிடி வரவில்லையாம். ஒரு மகராசி எழுதியிருந்தாள் பார், நீதான் படித்துக் காட்டினாய், “அனுப்பறவங்க சாமர்த்தியமா ஒரு பார்ட்டை எடுத்து வெச்சுக்கறாங்க, அதைத் தனியா வித்துடுவாங்க போல” என்று. அதாவது நான் திருடி. என் கை சுத்தத்தைப் பற்றி இந்தத் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்கட்டும். ஒற்றை நட்டைத் திருடி நான் என்ன மூக்கிலா மாட்டிக்கொள்ளப் போகிறேன்? அவள் எழுதியதைக்கூட விடு, யாரோ முகம் தெரியாதவள். அதற்குக் கீழே நீ என்ன பதில் போட்டாய்? “எங்கள் பேக்கிங்கில் நடந்த தவறுக்கு வருந்துகிறோம்.” யாரைக் கேட்டு வருந்தினாய்? பெட்டி கட்டியவள் இங்கே குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? நான் ஒவ்வொரு சின்னப் பாகத்தையும் தனித்தனியாகப் பேப்பரில் சுற்றி, குழந்தையைப் படுக்கவைப்பது மாதிரி மெஷினுக்குப் பக்கத்தில் வைத்து, ஆடாமல் இருக்கச் சுற்றிலும் பேப்பரைக் கசக்கி அடைத்துத்தான் மூடுகிறேன். எல்லாவற்றுக்கும் மேலே ஞாயிற்றுக்கிழமை நீயே சொன்னாய், உனக்கு நான் அனுப்பிய டிரில்லிலேயே சாவி இல்லை என்று. பெட்டி வந்தது போன மாதம். வந்ததும் நன்றாக இருக்கிறது அம்மா என்றாய். ஒரு மாதம் கழித்து அலமாரி மாட்டப் போகும்போதுதான், டிரில்லின் வாயை இறுக்குகிற சாவியைத் தேடியிருக்கிறாய். இல்லை என்றதும் “இப்பவாவது ஒத்துக்கோம்மா” என்கிறாய். பெற்ற பிள்ளையே இப்படிச் சொன்னால் ஊரில் இருக்கிறவன் என்ன சொல்ல மாட்டான்?

திங்கட்கிழமை காலையில் பார்சல் ஆபீசுக்குப் போய்விட்டேன். அங்கே கவுன்டரில் ஒரு கண்ணாடிக்காரர் இருக்கிறாரே, எதைக் கேட்டாலும் முதலில் கண்ணாடியைத் துடைப்பார், அவரிடம் வாய்க்கு வந்தபடி கொட்டித் தீர்த்தேன். நீங்கள்தான் வழியில் பிரித்து எடுக்கிறீர்கள் என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள், நான் கவலைப்படவில்லை. அந்த மனிதர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “அம்மா, இங்க ஏத்தும்போது என்ன எடையோ அங்க இறக்கும்போதும் அதே எடைதான். நாங்க எடுத்திருந்தா குறைஞ்சிருக்கணும்ல?” என்றார். எல்லாப் பெட்டியும் அப்படித்தானாம். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆனால் கோபம் குறையவில்லை, திசைதான் மாறியது. அப்படியென்றால் வாங்குகிறவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டு, வீடு வரும் வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அடுத்த நாள் ஒரு பெட்டி திரும்பி வந்தது. ஒரு தச்சர் வாங்கிய இழைப்பு மெஷின், ஓரம் பிடிக்கிற தகடு இல்லை, வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். நல்ல மனிதர் போலிருக்கிறது, நான் அடைத்த பேப்பரை எல்லாம் அப்படியே திரும்ப அடைத்து அனுப்பியிருந்தார். நான் கோபத்தில் பெட்டியைத் தரையில் கவிழ்த்தேன். பேப்பர் உருண்டைகள் ஹால் பூராவும் ஓடின. அதில் ஒன்று மட்டும் ஓடவில்லை, ணங்கென்று விழுந்து அதே இடத்தில் கிடந்தது. எடுத்தால் கனக்கிறது. நான் சுற்றிய மடிப்பு, நான் முறுக்கிய முனை, ஒருவரும் தொடவே இல்லை. பிரித்தால் உள்ளே தகடு. அப்பா வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுச் சிரித்தார் பார், அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். “குப்பை மாதிரி சுத்தினா குப்பைன்னுதான் போடுவான்” என்றார். இவர் பெரிய நீதிபதி. அடைக்கிற பேப்பரும் சுற்றுகிற பேப்பரும் ஒன்றாக இருந்தால் என்னடா? கை வைத்துப் பார்த்தால் கனம் தெரியாதா? பணம் கொடுத்து வாங்கிய பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கக்கூடப் பொறுமை இல்லாமல், மேலே இருக்கிற மெஷினை மட்டும் தூக்கிக்கொண்டு மிச்சத்தைக் குப்பையில் கொட்டிவிட்டு, என்னைத் திருடி என்று எழுதுகிறார்கள். அந்த மகராசியின் குப்பைத் தொட்டியில்தான் அவள் பாகம் கிடக்கிறது என்று நீ அவளுக்கு எழுத வேண்டும். வருந்துகிறோம் என்பதை முதலில் எடு.

இதோடு விட்டிருந்தால் நான் ஜெயித்த சந்தோஷத்தில் உனக்குப் போன் செய்து நன்றாக வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பேன். ஆனால் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது, அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உன் டிரில் பெட்டியில் நான் சாவியை மட்டும் வைக்கவில்லை. மருமகளுக்கு ஒரு ஜோடி தோடு வைத்தேன். சின்னதுதான், சிவப்புக் கல். அப்பா வாங்கிக் கொடுத்ததில்லை, என் நகையை அழித்துச் செய்ததுமில்லை. பெட்டி கட்டும் கூலி என்று நீ மாதாமாதம் என் பெயரில் தனியாகப் போடுகிறாயே, அதைத் தொடாமல் சேர்த்து, நானே கடைக்குப் போய், நானே பேரம் பேசி வாங்கினேன். இத்தனை வருஷத்தில் என் சம்பாத்தியத்தில் நான் வாங்கிய முதல் பொருள் அது. தங்கம் என்று தெரிந்தால் வழியில் கை வைத்துவிடுவார்கள் என்று, யாருக்கும் சந்தேகம் வராதபடி பேப்பரில் சுற்றிக் கசக்கி, மூலையில் மற்ற உருண்டைகளோடு உருண்டையாக வைத்தேன். பிரிக்கும்போது திடீரென்று பார்த்து இரண்டு பேரும் ஆச்சரியப்படட்டும் என்று உன்னிடமும் சொல்லவில்லை.

பெட்டி வந்தது என்று நீ சொன்னாய். அவளும் பேசினாள், “டிரில் வந்துடுச்சு அத்தை” என்றாள், தோட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிடிக்கவில்லை போலிருக்கிறது, அல்லது இவ்வளவு சின்னதா என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று எனக்குள் வெந்துகொண்டே இருந்தேன். வாய் திறந்து கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. அதனால்தான் இந்த ஒரு மாதமாக அவள் பேசினால் ம், ம் என்று மட்டும் சொல்லிவிட்டு அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். அத்தைக்கு என்மேல் என்ன கோபம் என்று அவள் கேட்டதாக நீ சொன்னாய், நான் ஒன்றுமில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாவம், அந்தப் பெண் பார்க்காத பொருளுக்கு அவளிடம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் உன்மேல் இருக்கிற கோபத்தைவிட அது கம்மிதான். ஊரான் பிரிக்காமல் போடட்டும், அவனுக்கு நான் யார்? நீ என் பிள்ளை. அம்மா சுற்றி அனுப்பியதைப் பிரித்துப் பார்க்க உனக்கு என்ன கேடு?

புதன்கிழமை நான் போன் செய்து அந்தப் பெட்டியின் பேப்பர் எங்கே என்று கேட்டபோது நீ சிரித்தாய். “அவ எதையும் தூக்கிப் போட மாட்டாம்மா, ஜன்னல் துடைக்க ஆகும்னு மாடிப்படிக்குக் கீழ மூட்டை கட்டி வெச்சிருக்கா, நான்தான் வெளியில போடப்போறேன்” என்றாய். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அவள் பக்கத்தில் நிற்கும்போது ஸ்பீக்கரில் எப்படிச் சொல்வது? அதனால்தான் கடிதம் வரும்வரை மூட்டையைத் தொடாதே, அவளையும் துடைக்க விடாதே என்று மட்டும் சொல்லி வைத்தேன். உள்ளே என்ன புதையலா என்று கேலி செய்தாயே, ஆமாம். அதற்கு முன்னாலேயே அவள் ஒன்றிரண்டு உருண்டையை எடுத்திருந்தாலும் எனக்குப் பயம் இல்லை. துடைக்க எடுத்தவள் விரித்துத்தானே துடைத்திருப்பாள், கண்ணில் பட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பாள். அந்த மூட்டை உன் கைக்கு வந்திருந்தால் என்றைக்கோ குப்பை லாரியில் போயிருக்கும்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. குளியலறைக் குழாய் ஒழுகுவதை அப்பா சரி செய்தார், இப்போது வேறு இடத்தில் ஒழுகுகிறது. டீச்சரம்மா உன்னை விசாரித்தாள். உனக்கு இருமல் இருந்ததே, குளிர்ந்த தண்ணீரைத் தொடாதே. பேக்கிங்கை வெளியில் கொடுக்கிற பேச்சை இத்தோடு விட்டுவிடு. இனிமேல் சின்னப் பாகங்களைத் துணிப்பையில் போட்டு மெஷினோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிவிடுவேன். அப்பா ரொம்ப நாளாகச் சொன்னதுதான், ஆனால் இப்போது எனக்கே தோன்றியதால் செய்கிறேன். பெட்டி நான்தான் கட்டுவேன், விரல் மடங்குகிற வரைக்கும்.

இதைப் படித்து முடித்ததும் மாடிப்படிக்குக் கீழே போ. மூட்டையை எடுத்து வந்து அவள் முன்னால் வை, கடிதத்தையும் கொடு. நீ பிரிக்காதே. அவளே ஒவ்வொன்றாகப் பிரிக்கட்டும், அவசரம் வேண்டாம். கனமாக ஒன்று வரும், அது உன் டிரில் சாவி, அதை நீ எடுத்துக்கொண்டு அலமாரியை மாட்டு. இன்னொன்று கனமே இருக்காது, அதை விட்டுவிட வேண்டாம் என்று சொல். கிடைத்ததும் அவள் காதில் போட்டுக்கொள்ளட்டும், பிறகு எனக்குப் போன் செய். அன்றைக்கு ஸ்பீக்கரிலேயே போடு, நான் அவளிடம் பேச வேண்டும்.

இரண்டு பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் ஒற்றுமையாக இருக்க வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அம்மா.

மறந்துவிட்டேன். இந்தக் கடிதத்தைப் பெட்டியில் வைக்காமல் தனியாகத் தபாலில் அனுப்புகிறேன். காரணம் உனக்குத் தெரியும்.