சீட்டை வாசித்தவர் யார்?

12 ஆகஸ்ட் 2001, ஞாயிறு

கால்பந்து லீக்கில் அணிகளைக் குரூப்பாகப் பிரிக்கும் குலுக்கலில் நான் கம்பெனி அணிக்குச் சாதகமாக நடந்துகொண்டேன் என்கிறார்கள். தவறு. பானையில் கைவிட்டுச் சீட்டு எடுத்தது மட்டுமே நான். வாசித்தவர் லீக் செயலாளர். அன்று என் கண்ணாடியை வீட்டில் மறந்திருந்தேன்.

இன்று சர்ச்சில் பூசை முடிந்து வரும்போது மீன்காரி ஸ்டெல்லா வழிமறித்தாள். அவள் மகன் எங்கள் குப்பத்து அணியின் கோல்கீப்பர்.

"இன்னா டீச்சரம்மா, மூணாவது வருசமா எங்க பசங்களுக்கே கஷ்டமான குரூப்பு! கம்பெனிக்கு மட்டும் அல்வா மாரி கீது. உன் கைய நம்பித்தான சும்மா இருந்தோம்?"

"கையில தப்பில்ல ஸ்டெல்லா. கண்ணுலதான்."

என் கணவர் நடுவராக நேர்மையோடு ஓடிய லீக் இது. நாளைக் காலை செயலாளருக்கு அனுப்பப்போவது இவ்வளவுதான்:

ஐயா, நான் எடுத்த சீட்டுகளை என்னிடம் காட்டுங்கள். இல்லையேல் மறுபடி குலுக்குங்கள், கண்ணாடியோடு வருவேன். தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.