சாதிக்காய் இலைக்குக் கீழே இருந்த கை

என் அன்பான நானா,

கட்டுகஸ்தோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நம்மட செயலியைக் கேட்டிருக்கிறார்கள், இலையைப் படம் எடுத்தால் மரத்தின் பெயரைச் சொல்கிற நம்மட அதே செயலியை, கேட்டீங்களா நானா!

கத்திச் சொல்ல வேண்டிய செய்திதான். ஆனால் களைப்பாக இருக்கிறது. நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போய் ஏழு மாதம். உங்கள் போனில் கிடந்த படங்களையும் என்னுடையதையும் சேர்த்து, செயலி செய்யப் பழக்கும் வீடியோ பார்த்துப் பார்த்து, பிழை விட்டு விட்டு, உங்கள் தங்கச்சி தனியாகத்தான் முடித்தேன்.

போன கிழமை அதைக் காட்டப் போனேன். விஞ்ஞான டீச்சர் ஆறாம் வகுப்பை முற்றத்துக்குக் கூட்டி வந்தார். வெள்ளைத் தாளில் வைத்த மா இலையைச் சரியாகச் சொன்னது. பலாவையும் சொன்னது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்போது ஒரு பிள்ளை கொய்யா இலையைப் பறித்து உள்ளங்கையில் வைத்தாள். சாதிக்காய் என்றது. மா இலையைக் கையில் வைத்தாள். அதுவும் சாதிக்காய்.

"டீச்சர், இந்தப் போனுக்கு எல்லாமே சாதிக்காதான்!"

"வெறுங்கையக் காட்டு பாப்பம்," என்றாள் பக்கத்தில் நின்றவள்.

வெறுங்கையும் சாதிக்காய்.

"அல்லாஹ்! நான் மரமா ஈக்கிறேன்டி!"

முற்றமே சிரித்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "பரவால்ல மகள். அடுத்த தவணைக்குப் பள்ளிக்கூடம் தொடங்க முந்தி சரியாக்கிட்டு வாங்க. பிழையாக் காட்டினா புள்ளைகள் அதையே புடிச்சிக்கும்."

அலவத்துகொடைக்கு வீடு திரும்புகிற பஸ்ஸில் நின்றபடியே நம் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். ஹயருக்கு ஆள் வரும்வரை நீங்கள் உங்கள் த்ரீவீலை நிறுத்தி வைக்கும் பார்க்குக்குப் பின்னால் நின்ற சாதிக்காய் மரத்தில் இலை பறிப்பீர்கள். இடது கையில் வைத்து, வலது கையால் எடுப்பீர்கள். மற்ற மரங்களை எல்லாம் நான் வீட்டில் தாளில் வைத்து எடுத்தேன். சாதிக்காய் என்றால் கை இருக்கும், மற்றதில் இருக்காது. செயலி இலையைப் படிக்கவில்லை நானா. உங்கள் கையைப் படித்திருக்கிறது.

இன்னும் வேணும், இன்னும் வேணும் என்று நான்தானே உங்களை விரட்டினேன்? கையையும் சேர்த்துக் கேட்கிறேன் என்று எனக்கு ஏன் தெரியாமல் போனது?

வழி ஒன்று இருந்தது. கையை வெட்டி இலையை மட்டும் வைத்தால் சரி. ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினேன். நகத்து ஓரத்தில் கறுப்பு ஒயில், பெருவிரலுக்குக் கீழே சைலன்சர் சுட்ட தழும்பு. பதினேழாவது படத்தை வெட்டும்போது உம்மா வந்தார்.

"எனத்த செய்றாய்?"

"கைய வெட்டுறேன் உம்மா. எல மட்டும் போதும்."

"ஆர்ட கைய?"

காட்டினேன். உம்மா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எல்லாரையும் போட்டோ எடுத்த அவன்தானே. அவன்ட மொகம் ஈக்கிற போட்டோ ரெண்டுதான் எங்கள்ட ஈக்குது. கை இவ்வளவு ஈக்குதெண்டு நீ செல்லவே இல்லியே."

மூலப் படங்கள் பத்திரமாக இருக்கும் என்றேன். அது உண்மைதான். ஆனால் நாம் இருவரும் செய்த செயலிக்குள் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

உம்மா எழும்பி வெளியே போனார். கறிவேப்பிலை ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்தார். "அப்ப என்டயும் எடு. அவன்ட கை மட்டும் எனத்துக்குத் தனிய ஈக்கோணும்?"

ஆறு மாதமாகப் பார்த்த எந்த வீடியோவிலும் எனக்கு இது உறைக்கவில்லை. எல்லா மர இலைகளும் கைகளில் கிடந்தால், கையை வைத்துப் பெயர் சொல்ல முடியாது. செயலி இலையைப் பார்த்தே ஆக வேண்டும்.

உம்மாவின் படங்களைச் சேர்த்துச் செயலியைத் திரும்பப் பழக்கிப் பார்த்தேன். எந்த இலையைக் கையில் வைத்தாலும் இன்னும் சாதிக்காய் என்றுதான் சொல்கிறது. ஒரு கை போதாது.

உங்கள் கையை வெட்ட மாட்டேன் நானா. வெட்டிய பதினேழையும் பழையபடி வைத்துவிட்டேன். தவணை தொடங்க முந்தி இதைச் சரியாக்கிக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போவேன்.

இந்தக் கடிதத்தை இணையத்தில் வாசிக்கிற நீங்கள் யாராக இருந்தாலும், உங்கள் வீட்டு வளவில் நிற்கிற மரத்தின் ஓர் இலையை உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்து, மரத்தின் பெயரோடு இந்தப் பதிவுக்குக் கீழே போடுங்கள். வயதான கை, சின்னக் கை, மருதாணிக் கை, எதுவும் சரி. வீட்டில் உள்ளவர்களிடமும் கேளுங்கள். சாதிக்காய் மட்டும் வேண்டாம். அதை என் நானா எடுத்துவிட்டார்.

உங்கள் கூடப்பிறந்த ஒரே தங்கச்சி