இரண்டு புட்டி மீன்

அகத்தி தீவு,
12-2-2024

அன்புள்ள மைத்ரேயி,

சௌக்கியமா? பவளப்பாறைப் பொந்தில் ஒரு மீன் பிடித்தேன். சுண்டுவிரல் நகம் அளவுதான், கண்ணருகே சிவப்புக் கோடு. இதற்கு யாரும் இன்னும் பெயர் வைக்கவில்லை. இரண்டு புட்டி அனுப்புகிறேன். ஒன்றில் இது. மற்றதில் இதே ஜாடையில், ஏற்கெனவே பெயர் உள்ள பழைய மீன், ஒப்பிட்டுப் பார்க்க. பத்திரமாக வை. நான் வந்ததும் இருவர் பெயரிலும் கட்டுரை எழுதுவோம்.

உன்,
கல்பனா

திருப்பதி,
3-6-2024

அன்புள்ள கல்பனா,

உன் நைனாவுக்கு உடம்பு தேவலையா? ஊரிலேயே இருந்து பார்த்துக்கொள், அவசரமில்லை. புட்டி லேபிள்கள் ஸ்பிரிட் பட்டு அழிந்துவிட்டன, மீன்களும் வெளுத்துவிட்டன. புதுசு எதுடி? மீனைத் தொட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது, உனக்கே தெரியும். தை மாதம் அப்பாவுக்குச் சதாபிஷேகம். அவசியம் வா.

மைத்ரேயி

சாந்திபுரம்,
10-6-2024

அன்புள்ள மைத்ரேயி,

நைனா எழுந்து நடக்கிறார். "அந்தப் பொண்ணுக்குக் கடுதாசி போட்டுக்கினு இரு" என்கிறார். முதுகுத் துடுப்பில் முள்ளை எண்ணு. புதியதற்கு ஏழு, பழையதற்கு ஆறு. நீ தனியாகக் கட்டுரை எழுதுவதாக உன் லேப் காவ்யா சொன்னாள். நான் நம்பவில்லை.

கல்பனா

திருப்பதி,
30-1-2025

அன்புள்ள கல்பனா,

கோபப்படாதே. சதாபிஷேகத்துக்குள் கட்டுரை வர வேண்டியிருந்தது. மீனுக்கு அப்பா பெயர். மேடையில் படித்தபோது அழுதுவிட்டார். பெரிய மீனாகப் பார்த்து எடுத்தேன், படம் நன்றாக விழுந்தது. ஏழு முள் என்பதை உன் கடிதத்திலிருந்தே எழுதிக்கொண்டேன். நன்றியில் உன்னைச் சேர்த்திருக்கிறேன், 'சேகரிப்பில் உதவியவர்' என்று.

மைத்ரேயி

சாந்திபுரம்,
8-12-2025

மைத்ரேயி,

உன் கட்டுரையில் இருந்த படத்தைப் பெரிதாக்கி அன்றே எண்ணினேன். ஆறு முள். நீ பெயர் வைத்தது பழைய மீனுக்கு. நான் ஒரு போன் போட்டிருந்தால் திருத்திக்கொண்டிருப்பாய். வேண்டுமென்றேதான் போடவில்லை.

புதிய மீன் என்னிடம் இன்னும் மூன்று இருந்தன. நேற்று என் கட்டுரை வந்துவிட்டது. அதில் உன் தவறையும் எழுதியிருக்கிறேன். மீனுக்கு என் அம்மா கங்கம்மாவின் பெயர். கருவாட்டுக் கூடையோடு அவள் ஹாஸ்டலுக்கு வந்த அன்று நீ ஜன்னலையெல்லாம் திறந்து விட்டாயே, அவள்தான்.

நம் தொழிலில் வைத்த பெயரை யாரும் அழிப்பதில்லை. பழைய மீனின் பெயருக்குக் கீழே, செல்லாத பெயர் என்று உன் அப்பா தோதாத்ரி மாமா எந்தக் காலத்துக்கும் இருப்பார். அவரை நினைத்தால் பாவமாக இருக்கிறது. உன்னை நினைத்தால் வயிறு குளிர்கிறது.

நன்றியில் உன்னையும் சேர்த்திருக்கிறேன். 'புட்டிகளைப் பத்திரமாக வைத்திருந்தவர்.'

கல்பனா