ஈரச் சந்தனம்

ஷார்ஜா

அம்மாவுக்கு மதிவாணன் எழுதுவது. உங்கள் முட்டிவலி தேவலையா? அப்பா நடவை முடித்துவிட்டாரா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். போனில் என் குரலைக் கேட்டால் பயந்துவிடுவீர்கள் என்று, வலங்கைமானுக்கு வரும் துரைராசு அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் மரப்பட்டறையின் மின்ரம்பம், விரல் பட்டால் அறுபடாமலிருக்க, தானே பிளேடைக் கவ்வி நின்றுவிடும். ஆணியோ ஈரமோ பட்டாலும் அப்படித்தான், பிளேடு பாழாகிவிடும். அதனால் பலகையை நன்றாகத் துடைத்துப் பார்த்துத்தான் அறுக்க வேண்டும். ஆயுத பூஜையன்று நான் முதல் பலகைக்குச் சந்தனம் பூசி, நீங்கள் அனுப்பிய கோயில் குங்குமத்தை வைத்து அறுத்தேன். அந்த ஈரத்தை விரலென்று நினைத்து ரம்பம் படாரென்று நின்றது; பிளேடு போயிற்று.

சத்தம் கேட்டு எல்லோரும் ஓடிவந்து என் கையைப் பார்த்தார்கள். விரல்களெல்லாம் இருந்தன. அப்புறம்தான் முதலாளிக்குக் கோபம் வந்தது. இப்போது மரத்தூள் கூட்டுகிறேன். பொங்கலுக்கு லீவும் இல்லையாம்.

“விரல் போயிருந்தா ஊருக்கு அனுப்பியிருப்பாங்கடா” என்று அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

அண்ணன் கிளம்பப் போகிறார். அவர் திரும்பும்போது தாளிக்கிற வடகம் கொஞ்சம் கொடுத்துவிடுங்கள். கோயில் குங்குமம் மட்டும் இனி வேண்டாம் அம்மா.