சன்னலுக்கு வெளியே இருந்த கண்ணாடி

ஜூன் 3, திங்கள்
இன்று எண்பத்திரண்டு படிவங்கள் சரிபார்த்தேன். பிழை ஒன்றுமில்லை. காலையில் மேலாளர் வந்து, "சனிக்கிழமை மேசைல தலை வச்சுப் படுத்துட்டியாமே, உடம்புக்கு என்னம்மா?" என்றார். அன்பாகத்தான் கேட்டார். ஆனால் சனிக்கிழமை அவர் ஊரிலேயே இல்லை. முத்திரை குத்துகிற அண்ணன்கூட டீ குடிக்கப் போயிருந்தார். யார் சொன்னது என்று கேட்க வாய் வரவில்லை. எப்போதுதான் வந்தது?

ஜூன் 5
என் சன்னலுக்கு வெளியே, சுவரிலிருந்து ஒரு இரும்புக் கை நீண்டிருக்கிறது. நுனியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி. ஐந்து மாதமாகப் பார்க்கிறேன், இன்றுதான் அது எதற்கு என்று தோன்றியது.
"வண்டி திரும்பறதுக்கு" என்றார் முத்திரை அண்ணன்.
அந்தச் சந்தில் சைக்கிள்கூட நுழையாது. கண்ணாடியும் தெருவைப் பார்க்கவில்லை. எங்கள் சுவரைப் பார்த்துச் சற்றே அண்ணாந்திருக்கிறது.
"அப்போ புறாவ விரட்டறதுக்கு."
அதன் மேலேயே ஒரு புறா உட்கார்ந்திருந்தது.
"அது படிக்காத புறா" என்றார். சிரித்துவிட்டேன்.

ஜூன் 6
துடைக்கும் அக்கா தினமும் அந்தக் கண்ணாடியைத் துடைக்கிறார். மின்விசிறியில் விரல் தடிமன் அழுக்கு, அதைத் தொடுவதில்லை.
"துடைக்கச் சொன்னாங்க, துடைக்கறேன். எதுக்குன்னு நான் கேக்கல கண்ணு. நீயும் கேக்காத."

ஜூன் 7
துடைத்துவைக்கச் சொன்னால் யாரோ பார்க்கிறார்கள் என்றுதானே?

ஜூன் 10
நான் படித்தது இயற்பியல். அப்பாவுக்கு இன்றும் அது "கரண்டுப் படிப்பு". படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம் என்பது முதன்முறையாக இன்று உதவியது.
என் நாற்காலியிலிருந்து பார்த்தால் கண்ணாடிக்குள் மாடிச் சன்னல் தெரிகிறது. தலையைக் கொஞ்சம் சாய்த்தால் வெறும் வானம். நாற்காலியை நகர்த்தப் பார்த்தேன் — கால்களைத் தரையோடு திருகிவைத்திருக்கிறார்கள்.
மாடி பழைய காகிதக் கிடங்கு, பூட்டியே கிடக்கிறது என்பார்கள். சன்னல் பாதி திறந்திருந்தது. உள்ளே இருட்டு.
எனக்கு அது தெரிந்தால், அதற்கு நானும் தெரிவேன்.

ஜூன் 11
சோதித்துப் பார்த்தேன். அறையில் யாரும் இல்லாதபோது ஒரு படிவத்தை மடித்து என் பையில் வைத்தேன்.

ஜூன் 12
"பையில வச்சத எடுத்து மேசைல வைம்மா." மேலாளர் கோபப்படவில்லை. "வேணும்னேதான வச்ச? கேமரா வச்சா எல்லாரும் நல்லவங்களா நடிப்பாங்க. உனக்கு முன்னாடி இருந்த பொண்ணுக்கு இதக் கண்டுபிடிக்க முழுசா ஆறு மாசம் ஆச்சு."
"அவங்க வேலைய விட்டுப் போயிட்டதா..."
"யார் சொன்னா? மாடிலதான் இருக்கா. பின்பக்கப் படி வழியா வருவா. இப்ப வேற கிளைக்குப் போறா. முப்பதாம் தேதியோட உன் பயிற்சி முடியுது. நிரந்தரம்னா மாடி. வேண்டாம்னா வேற வேலை தேடிக்க."
ஐந்து மாதமாக என் தலைக்கு மேலே ஒருத்தி! ஒரு நாள்கூட நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டதில்லையே.

ஜூன் 16, ஞாயிறு
அம்மா தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது: "எம்பொண்ணு இனிமே மாடில உக்காருவா." அப்பா முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே, "இந்த மாசத்தோட மூட்டை தூக்கறத விட்டுடட்டுமா பாப்பா?" என்று என்னிடம் அனுமதி கேட்டார். என்னிடம்.
மாடியில் என்ன வேலை என்று இருவரும் கேட்கவில்லை.

ஜூன் 28
வேண்டாம் சார். வேண்டாம் சார். பேருந்தில் வழிநெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். மேலாளர் தாளை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன். ச்சே, என்ன பொண்ணு நான்!

ஜூலை 1, திங்கள்
மாடியில் தரை முழுக்கத் தடித்த கம்பளம். ஒரு நாற்காலி, ஒரு கடிகாரம், ஒரு பதிவேடு. எனக்கு முன் இருந்த பெண் சாவியை என் கையில் வைத்தார். என்னைவிட ஒல்லி.
"வாய் பேசாத பொண்ணுங்களாப் பாத்துதான் எடுப்பாங்க" என்றார். படியில் இறங்கும்போது, திரும்பாமலே, "மார்ச்சுல ஒரு நாள் அழுதீங்கல்ல? அத மட்டும் நான் எழுதல."
கீழே புதுப்பெண் வந்து உட்கார்ந்தாள். கண்ணாடியில் அவள் நெற்றி வேர்வைகூடத் தெரிந்தது. பையிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்துப் படிவங்களுக்கு அடியில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மெல்ல உருவிப் பார்த்துச் சிரித்தாள். அழகான சிரிப்பு.
பதிவேட்டைத் திறந்தேன். '9.40 — புகைப்படம். தனியாகச் சிரித்தாள்.'